உலுக்கல் வேறு, வேகம் வேறு

நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் டிராக் பந்தயத்துக்கென்று, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயைப் பிரித்துவிடும் வால்வ் பாடியைத் திருத்தியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதலில் வந்து விழுவது உலுக்கல் கதைதான். இரண்டாம் கியர் விழுந்தபோது தலை இருக்கையில் மோதியது, டயர் கீச்சிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பதறிப்போனார் என்று வரிசையாகச் சொல்வார்கள். கால் மைலை எத்தனை நொடியில் கடந்தது என்று கேட்டால் மட்டும் சுருதி கொஞ்சம் இறங்கிவிடும். எனக்கு இந்த உலுக்கல் பெருமையில் நம்பிக்கை கிடையாது. வால்வ் பாடியைத் திருத்துவதே காரை உலுக்க வைப்பதற்காகத்தான் என்ற எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. அந்த எண்ணத்தோடு டிரில் மிஷினைக் கையில் எடுப்பவர்கள் கெடுத்த கியர்பாக்ஸ்கள் ஏராளம்.

அந்த உலுக்கல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400 கியர்பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 2.48, இரண்டாவது 1.48, மூன்றாவது 1.00. இஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் இருக்கும்போது முதலிலிருந்து இரண்டுக்கு மாற்றினால், இஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் கன்வெர்ட்டரின் வழுக்கலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இஞ்சின் ஏறக்குறைய 4,180 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். கிராங்க் ஷாஃப்ட், ஃபிளெக்ஸ்பிளேட், கன்வெர்ட்டர் என்று சுழலும் எடை முழுவதும் அந்தக் கணத்தில் வேகம் இழக்கிறது. அதில் தேங்கியிருந்த ஆற்றலில் ஒரு பங்கு கிளட்சில் சூடாகிறது, மறுபங்கு சக்கரத்தை உந்துகிறது. முதுகு உணர்வது இந்த உந்தலைத்தான். இஞ்சின் புதிதாக எதையும் கொடுத்துவிடவில்லை. மாற்றத்தை இன்னும் குறுக்கினால் கிளட்ச் சூடாவது குறையும் என்பது உண்மை, அந்த லாபம் உண்டு. ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் நடக்கும் கியர் மாற்றத்தில், புதிய கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கும்போதும் சக்கரத்துக்கு விசை போய்க்கொண்டேதான் இருக்கிறது. கார் அங்கே நின்றுவிடுவதில்லை. உலுக்கல் அளவுக்கு மீறினால் பின்சக்கரம் பிடியை இழந்து சுழலும். அப்படிச் சுழன்றால், மிச்சப்படுத்தியதாக நினைத்த நேரம் வட்டியோடு போய்விடும்.

நேரம் உண்மையில் பறிபோகும் இடங்கள் வேறு. அவற்றுக்குப் போவதற்கு முன் வால்வ் பாடி என்னவென்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய்ச் சட்டியையும் வடிகட்டியையும் கழற்றினால் கியர்பாக்ஸின் அடிவயிற்றில் தெரியும் உலோக வார்ப்புதான் அது. முகத்தில் வளைந்து நெளிந்து ஒன்றையொன்று தொடாமல் ஓடும் தடங்கள், பக்கவாட்டில் குடைந்த துளைகள், அந்தத் துளைகளில் வழுக்கி நகரும் வால்வுகள், அவற்றின் முதுகில் சுருள்வில்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் ஒரு மடையை அடைத்து இன்னொரு மடையைத் திறப்பதைப் போல, பம்ப் தள்ளும் எண்ணெயை எந்தக் கிளட்சுக்கு, எப்போது, எவ்வளவு என்று இது பிரித்துக் கொடுக்கிறது. பழைய மூன்று வேகப் பெட்டிகளில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. கார் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அவுட்புட் ஷாஃப்ட்டோடு சுழலும் கவர்னர் எண்ணெய் அழுத்தமாக மாற்றிச் சொல்கிறது. இஞ்சின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதை மாடுலேட்டரோ திராட்டில் வால்வோ சொல்கிறது. இரண்டு அழுத்தங்களும் ஷிஃப்ட் வால்வின் இரு முனைகளிலும் நின்று தள்ளுகின்றன. கவர்னர் வென்றால் கியர் ஏறுகிறது. எத்தனையோ கார்களில் பல பத்தாண்டுகள் ஓடிய ஏற்பாடு இது. இதை வரைந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

அவர்கள் வரைந்தது பந்தயத்துக்கு அல்ல என்பதுதான் விஷயம். காரில் போகிறவர் கியர் மாறியதையே உணரக்கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அதற்காகக் கிளட்சுக்குப் போகும் எண்ணெயைச் சிறிய துளை வழியாக நுழைய விட்டார்கள். அக்யூமுலேட்டர் என்று ஒரு பிஸ்டனைப் பக்கத்தில் வைத்தார்கள். கிளட்ச் இறுகத் தொடங்கும் நேரத்தில் எண்ணெயில் ஒரு பங்கை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டு சுருளை அழுத்தியபடி பின்வாங்கும், அதுவரை அழுத்தம் மெதுவாக ஏறும். அந்த இடைவெளியில் கிளட்ச் தகடுகள் வழுக்கித் தேய்கின்றன. சாதாரண ஓட்டத்தில் இந்தத் தேய்மானம் ஒரு பொருட்டே இல்லை. 700 குதிரைத்திறன் இஞ்சினைக் கொண்டுவந்து மாட்டினால் அதே மென்மை தகடுகளைக் கருக்கிவிடும்.

ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பந்தயத்துக்கு இழுத்து வந்தது அமெரிக்கர்கள். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ரா-மேட்டிக்தான் பெரிய அளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக். 1950களில் கலிஃபோர்னியாவில் பாப் ஸ்பார், மார்ட் ஷூமன் இருவரும் அதைப் பந்தயத்துக்கு மாற்றிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள்தான் பி அண்ட் எம் என்ற நிறுவனத்தின் பெயர். கிளட்ச் மிதித்துக் கம்பியை இழுத்து மாற்றுவதுதான் ஆண்மை என்று நினைத்த கூட்டம் ஆரம்பத்தில் சிரித்தது. பிறகு நேரச் சீட்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டது. கிறைஸ்லரின் டார்க்ஃபிளைட் 727 1962இலும், டர்போ 400 1964இலும், ஃபோர்டின் சி6 1966இலும் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் முந்தியது செவர்லேயின் பவர்கிளைட். 1950இல் வந்து 1973 வரை உற்பத்தியில் இருந்தது. வெறும் இரண்டு கியர். குடும்பக் காரில் சோம்பேறிப் பெட்டி என்று பெயர் வாங்கிய அதுதான் டிராக் பந்தயத்தில் இன்று வரைக்கும் ஆள்கிறது. எடை குறைவு, உள்ளே சுழலும் பாகங்கள் குறைவு, ஒரே ஒரு மாற்றம். இஞ்சினுக்குத் திறன் அதிகமாக இருந்தால் முதல் கியர் 1.76 விகிதத்தில் இருப்பது நல்லதுதான், டயர் தப்பித்துக்கொள்ளும்.

சரி, திருத்தத்துக்கு வருவோம். கைவைக்கிறவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன: அழுத்தத்தைக் கூட்டுவது, துளையைப் பெரிதாக்குவது. பலரும் முதல் வழிக்கே ஓடுகிறார்கள். பிரஷர் ரெகுலேட்டர் வால்வின் சுருளை மாற்றினால் போதும், அரை மணி நேர வேலை. கிளட்சைப் பிடித்து நிறுத்தும் விசை என்பது அழுத்தத்தைக் கிளட்ச் தகடுகளைத் தள்ளும் பிஸ்டனின் பரப்பால் பெருக்கியதுதான், ஆகவே அழுத்தம் ஏறினால் பிடி ஏறும் என்பதில் தகராறு இல்லை. டர்போ 400இல் சாதாரண ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 60 பவுண்டிலிருந்து 150 பவுண்டு வரை இருக்கும் அழுத்தத்தைப் பந்தயத்தில் 200 பவுண்டு அளவுக்கு உயர்த்துவது வழக்கம். அதற்கு மேல் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பம்பைச் சுற்றுவதும் இஞ்சின்தான், எனவே ஏற்றிய ஒவ்வொரு பவுண்டுக்கும் இஞ்சின் கூலி கொடுக்கிறது. அலுமினியப் பெட்டியும் பிஸ்டனும் சீல் வளையங்களும் எந்த அழுத்தத்துக்கு வார்க்கப்பட்டனவோ அதற்கும் ஓர் எல்லை உண்டு. விரிசல் விட்ட பிஸ்டனை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். அந்தக் கோட்டின் வழியாகத்தான் எண்ணெய் ஒழுகிக் கிளட்ச் கருகியிருக்கும்.

மாற்றத்தின் வேகத்தைக் குறித்தவரை அழுத்தம் பலவீனமான கருவி. ஒரு துளை வழியாகப் பாயும் எண்ணெயின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் பாய்ச்சல் 1.4 மடங்குதான் ஏறும். துளையின் விட்டத்துக்கோ வர்க்கக் கணக்கு: 0.093 அங்குலத் துளையை 0.125 அங்குலமாக்கினால் பரப்பு 1.8 மடங்காகிவிடும். இரண்டு டிரில் பிட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அற்பமாகத்தான் தெரியும். செபரேட்டர் பிளேட் என்ற மெல்லிய எஃகுத் தகட்டில் இருக்கும் நாலைந்து துளைகள்தான் கியர்பாக்ஸின் குணத்தையே முடிவு செய்கின்றன. துளையைப் பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவதற்குப் புதுத் தகடு வாங்க வேண்டும். ஆகவே பெரிதாக்கும்போது அடுத்த அளவு பிட்டுக்கு மேல் ஒரே தாவலில் போகாதீர்கள்.

நேரம் பறிபோகும் இடம் என்று சொன்னேனே, பவர்கிளைடை வைத்துச் சொன்னால் அது தெளிவாக விளங்கும். அதில் முதல் கியர் என்றால் ஒரு டிரம்மைச் சுற்றிப் பேண்ட் என்ற பட்டை இறுகப் பிடித்திருக்கிறது என்று பொருள். பேண்டை இறுக்குவது சர்வோ பிஸ்டன். மேல் கியருக்குப் போவதற்குப் பேண்ட் விட வேண்டும், ஹை கிளட்ச் பிடிக்க வேண்டும். இரண்டையும் செய்வது ஒரே எண்ணெய்: கிளட்சுக்குப் போகும் வழியிலேயே ஒரு கிளை பிரிந்து சர்வோவின் மறுபக்கம் நுழைந்து பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இந்த இரண்டில் எது முந்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேண்ட் முந்தி விட்டுவிட்டால் பிடிப்பார் யாருமில்லாமல் இஞ்சின் மட்டும் உச்சத்துக்கு எகிறும். அந்தக் கணம் காருக்கு உந்தலே இல்லை. எகிறிய சுற்றை மறுபடி இறக்கும் சுமையும் கிளட்ச் தலையில் விழும். கிளட்ச் முந்திப் பிடித்துவிட்டாலோ ஒரே நேரத்தில் இரண்டு கியரில் மாட்டிக்கொண்ட நிலை. பெட்டி தன்னைத்தானே பிரேக் பிடிக்கிறது, கார் முன்னால் குனிந்து நிமிர்கிறது, பேண்டின் உட்பூச்சு எரிகிறது. வேடிக்கை என்னவென்றால், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இது "செம உலுக்கல்" என்றுதான் தோன்றும். நான் உலுக்கலை நம்பாததற்கு முதல் காரணம் இதுதான். கியர்பாக்ஸ் தன்னையே இழுத்துப் பிடித்துக்கொள்வதும் முதுகில் அடியாகத்தான் இறங்குகிறது.

டார்க்ஃபிளைட் 727இல் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போதும் இதே கதை. முன் கிளட்சை இறுக்கும் எண்ணெய்தான் இரண்டாம் கியரின் பேண்டைப் பிடித்திருக்கும் கிக்டவுன் சர்வோவையும் விடுவிக்கிறது. ஃபோர்டின் சி4, சி6 பெட்டிகளிலும் அப்படியே. கிளட்சுக்கான துளையை மட்டும் பெரிதாக்கிவிட்டுச் சர்வோ பக்கத்தை மறந்துவிட்டால் சமநிலை கெடும். டர்போ 350, 400 இரண்டிலும் இந்தத் தலைவலி கிடையாது. அங்கே இன்டர்மீடியட் கிளட்ச் மூன்றாம் கியரிலும் பிடித்தபடியே இருக்கும், அதற்குள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் தானாக விட்டுக்கொடுத்துவிடும். யாரும் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் கியரில் இஞ்சின் பிரேக்கிங்குக்காக ஒரு பேண்ட் தனியாக உண்டு. முழு மேனுவல் வால்வ் பாடி செய்கிறவர் அந்தப் பேண்டையும் இரண்டாம் கியரில் இறுக்கிவிட்டால், அது காலியாகும் வழியையும் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காவிட்டால் பவர்கிளைடின் தலைவலியை விலை கொடுத்து வாங்கி வந்ததாக ஆகும்.

டர்போ 400இல் இன்னொரு பிரபலமான வேலை, டைரக்ட் கிளட்சுக்கு இரட்டை ஊட்டம் கொடுப்பது. அந்த டிரம்முக்குள் பிஸ்டனின் பரப்பு உள்வட்டம், வெளிவட்டம் என்று ஒரு சீலால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மூன்றாம் கியரில் உள்வட்டத்துக்கு மட்டும் எண்ணெய் போகும், ரிவர்ஸில் இரண்டுக்கும் போகும். நடுச்சீலை எடுத்துவிட்டு, ரிவர்ஸுக்கான தனி வழியைப் பெட்டியில் அடைத்துவிட்டால், மூன்றாம் கியரிலும் முழுப் பரப்பும் வேலை செய்யும். பிடி அதிகமாகிறது, அழுத்தத்தை அந்த அளவுக்கு ஏற்ற வேண்டியதில்லை. நான் ஆதரிக்கும் திருத்தம் இது. ஆனால் பரப்பு பெரிதானால் நிரப்ப வேண்டிய எண்ணெயும் அதிகம். பழைய துளையோடு விட்டால் கிளட்ச் முன்பைவிடத் தாமதமாகப் பிடிக்கும். இந்தத் தொழிலில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று தானாக நகரும்.

கவர்னரையும் மாடுலேட்டரையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, கியர் மாற்றத்தை முழுக்கவும் ஓட்டுநரின் கைக்குக் கொண்டுவருவது மேனுவல் வால்வ் பாடி. லிவர் எங்கே நிற்கிறதோ அந்தக் கியர். அதில் ரிவர்ஸ் பேட்டர்ன் என்று ஒரு வகை உண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு அதன் அருமை தெரிவதில்லை. தொழிற்சாலை வரிசையில் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், இரண்டு, ஒன்று என்று போகும். அந்த வரிசையிலேயே மேனுவலாக ஓட்டினால் மூன்றாம் கியர் நியூட்ரலுக்குப் பக்கத்து வீடு. முழுச் சுற்றில் இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாகத் தள்ளும்போது கை ஒரு படி அதிகமாகப் போனால் இஞ்சின் நியூட்ரலில் அலறும், அதன் கனெக்டிங் ராடுகள் உடைந்து வெளியே எட்டிப் பார்க்கும். ரிவர்ஸ் பேட்டர்னில் நியூட்ரலுக்கு அடுத்தது ஒன்று, பிறகு இரண்டு, கடைசியில் மூன்று. லிவரைத் தன்னை நோக்கி இழுத்துக்கொண்டே போகலாம், மூன்றுக்கு அப்பால் விழுவதற்கு இடமில்லை. கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவிடாத நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்சும், தவறுதலாக ரிவர்ஸில் விழவிடாத ரிவர்ஸ் லாக்அவுட்டும் கட்டாயம் வேண்டும் என்று அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதி வைத்திருக்கிறது. அதிகாரிகள் பிடுங்கல் என்று அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த அலுப்பு புரிவதே இல்லை.

727 வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தப் பெட்டி டிரைவில் இருக்கும்போது முதல் கியரைத் தாங்குவது பின்பக்கத்தில் உள்ள ஒருவழிக் கிளட்ச் மட்டுமே. டயரைச் சூடேற்றும் பர்ன்அவுட்டை முதல் கியரில் செய்து, சுமை சட்டென்று விலகி மறுபடி விழுந்தால், அந்த ஒருவழிக் கிளட்ச் உடையக்கூடும். உடைந்தால் முன் கிளட்ச் டிரம் எதிர்த்திசையில் இஞ்சினைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்துக்குத் தாவும். அந்த வேகத்துக்கென்று அந்த டிரம் செய்யப்படவில்லை. அது வெடித்தால் அலுமினியப் பெட்டி அதைத் தடுக்காது, டிரம் இருக்கும் இடமோ ஓட்டுநரின் கால்களுக்குப் பக்கம். பந்தயப் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் 4.1 தரத்தில் கியர்பாக்ஸுக்கு வெளிக்கவசம் செய்கிறார்களே, அது இப்படிப்பட்ட வெடிப்புகளுக்காகத்தான். வால்வ் பாடியால் செய்யக்கூடியது, முதல் கியரிலேயே பின் பேண்டையும் சேர்த்து இறுக்குவது. ஒருவழிக் கிளட்சுக்கு ஒரு துணை கிடைத்துவிடும். ஆனால் இரண்டாம் கியருக்குப் போகும்போது அந்தப் பேண்ட் உரிய நேரத்தில் விட்டாக வேண்டும், இங்கேயும் அதே முந்துதல் பிந்துதல் கணக்கு. அப்படியிருந்தும் இந்தத் திருத்தம் இல்லாத 727ஐப் பந்தயத்துக்குக் கொண்டு வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். திருத்தம் இருந்தாலும் பர்ன்அவுட்டை இரண்டாம் கியருக்கு மாற்றிக்கொண்டு செய்யுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி டிரான்ஸ்பிரேக். டர்போ 400இல் ரிவர்ஸ் என்றால் டைரக்ட் கிளட்சும் பின் பேண்டும் பிடித்திருக்கும். முன்னோக்கி எந்தக் கியரில் போனாலும் ஃபார்வர்டு கிளட்ச் பிடித்திருக்கும். மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க வைத்தால் பெட்டிக்குள்ளேயே பூட்டு விழுந்துவிடுகிறது, கார் முன்னும் போகாது பின்னும் போகாது. பொத்தானை அழுத்தினால் சோலினாய்டு என்ற மின்காந்தம் ஒரு வால்வை நகர்த்தி இந்த நிலையை உண்டாக்கும். கோட்டில் நின்றபடி முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம், கார் நகராத நிலையில் கன்வெர்ட்டர் இஞ்சினை எட்டவிடும் உச்சச் சுற்றான ஸ்டால் வேகம் வரை ஏறி நிற்கும். விரலை எடுத்ததும் டைரக்ட் கிளட்சில் இருக்கும் எண்ணெய் வெளியேறும், கார் பாயும். விரல் எடுத்ததற்கும் கார் நகர்வதற்கும் இடையே உள்ள நேரத்தைத் தீர்மானிப்பது அந்த எண்ணெய் வெளியேறும் வழியின் அகலம். இறுக்கும் பாதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காலியாகும் பாதைதான் கைத்திறனைக் காட்டும் இடம். வழி குறுகலாக இருந்தாலோ, வளைவில் ஒரு பிசிறு நின்றாலோ, கிளட்ச் விடும்போது இழுத்துக்கொண்டே விடும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது பிராக்கெட் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார்கள், அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப மெதுவான காருக்கு முதலில் விளக்கு எரிகிறது. மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கி வரும். டிலே பாக்ஸ் என்ற தாமதக் கருவி வைத்திருப்பவர் முதல் மஞ்சளைக் கண்டதும் விரலை எடுப்பார், குறித்து வைத்த நேரத்தை அந்தக் கருவி எண்ணி முடித்துச் சோலினாய்டை விடும். பச்சைக்கு முன் நகர்ந்தால் சிவப்பு, ஆட்டம் முடிந்தது. வெற்றி தோல்வி ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளில் முடிகிற ஆட்டம் இது. டிரான்ஸ்பிரேக் ஒரு தடவை சீக்கிரமாகவும் மறு தடவை தாமதமாகவும் விட்டால், ஓட்டுநர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் பயனில்லை. இங்கே வேண்டியது அதிவேகமான விடுதலைகூட அன்று, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியான விடுதலை. தாமதம் ஒரே அளவாக இருந்தால் அதை டிலே பாக்ஸில் கழித்துக்கொள்ளலாம். சோலினாய்டின் சுருள் சூடானால் மின்தடை ஏறும், அதை இழுக்கும் விசை மாறும். பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினாலும் அப்படியே. பலர் 16 வோல்ட் பேட்டரிக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிரான்ஸ்பிரேக்கில் நீண்ட நேரம் நிற்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கார் நகராதபோது இஞ்சின் கொடுக்கும் திறன் முழுவதும் கன்வெர்ட்டர் எண்ணெயில் சூடாகத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. 150 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டருக்குள் நாலரை கிலோ எண்ணெய். எண்ணெயின் வெப்பக்கொள்ளளவு கிலோவுக்குச் சுமார் 2 கிலோஜூல். உலோகம் உறிஞ்சுவதை விட்டுவிட்டால் நொடிக்கு 16, 17 டிகிரி செல்சியஸ் ஏறும். ஆறு நொடி நின்றால் நூறு டிகிரி. எதிராளி தொடக்கக் கோட்டில் வந்து நிற்காமல் இழுத்தடிக்கும்போது விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

இனி மேசைக்கு வருவோம். வால்வ் பாடி வேலையில் பெரும்பகுதி கழுவுவதும் பார்ப்பதும்தான். ஒவ்வொரு வால்வும் தன் துளையில் சொந்த எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். வார்ப்பைச் சாய்த்தால் ஒரு பக்கம், திருப்பிச் சாய்த்தால் மறுபக்கம், நடுவில் எங்கும் தயங்கக்கூடாது. தயங்கினால் பெரும்பாலும் வால்வின் விளிம்பில் ஒரு சிறு கீறல் இருக்கும். விரல் நகத்தை வைத்து நகர்த்தினால் தட்டுப்படும். மிக மெல்லிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து அந்த இடத்தை மட்டும் தடவ வேண்டும். விளிம்பு மட்டும் மழுங்கவே கூடாது. அந்தக் கூர்மையான விளிம்புதான் எண்ணெயை வெட்டி நிறுத்துவது, அழுக்கை உள்ளே விடாமல் தள்ளுவதும் அதுதான். பளபளப்பாக்குகிறேன் என்று வால்வைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து விளிம்பை உருட்டிவிட்டவர்களின் பெட்டிகள் வெளியே அழகாகவும் உள்ளே ஒழுகிக்கொண்டும் இருக்கும். வார்ப்பின் முகம் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்கத் தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் மேல் உப்புத்தாளை விரித்து வார்ப்பை எட்டு வடிவத்தில் இரண்டு சுற்று இழுத்தால் மேடும் பள்ளமும் நிறம் மாறித் தெரிந்துவிடும். இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள சுவரில் நிறம் மாறாத ஒரு புள்ளி இருந்தால் அங்கே எண்ணெய் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குத் தாண்டும்.

செக் பால் எனப்படும் சிறு குண்டுகள் தனிக் கதை. டர்போ 350இல் நான்கு. எண்ணெயை ஒரு திசையில் தாராளமாக விட்டு மறு திசையில் துளை வழியாக மட்டும் விடுவதற்கு அவை. திருத்திய வால்வ் பாடிகளில் சிலவற்றை வேண்டுமென்றே எடுத்துவிடுவார்கள். எடுத்தது எது, ஏன் என்று தெரியாமல் இன்னொருவர் பிரித்து, "ஒன்று குறைகிறதே" என்று கையில் கிடைத்ததைப் போட்டு மூடிவிடுவதும் நடக்கிறது. கிரீஸ் கொஞ்சம் தடவி அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டு மேலே தூக்கிப் பிடித்து மாட்டுவதற்குப் பொறுமை வேண்டும். அந்தக் கிரீஸ் எண்ணெயில் கரைகிறதாக இருக்க வேண்டும், சக்கரத்துக்குப் போடும் தடித்த கிரீஸ் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். திருகுகளை இறுக்கும்போது கைவலிமையைக் காட்டத் தேவையில்லை. 727இன் வால்வ் பாடித் திருகுகளுக்கு 35 அங்குல பவுண்டு போதும், அது மணிக்கட்டின் ஒரு சின்ன அசைவு. அதற்கு மேல் போனால் வார்ப்பு கோணிக்கொள்ளும், மேசையில் சரளமாக வழுக்கிய வால்வு மாட்டியபின் சிக்கிக்கொள்ளும்.

தயாராகக் கிடைக்கும் வால்வ் பாடியை வாங்குவதில் தப்பில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். வாங்கியதை அப்படியே மாட்டுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒன்றைப் பிரித்தபோது, துளையிட்டபோது விழுந்த அலுமினியச் சீவல் ஒன்று ரெகுலேட்டர் வால்வுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தது. விற்றவர் பெயர் எதற்கு. பளபளப்பான பெட்டியும் ஸ்டிக்கரும் உள்ளே கழுவியதற்குச் சான்றாகாது.

தெருவில் ஓட்டும் காருக்கு இதெல்லாம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: மேனுவல் வால்வ் பாடி வேண்டாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் லிவரை இழுத்துக்கொண்டிருப்பது ஒரு வாரத்தில் சலித்துவிடும். அக்யூமுலேட்டர் சுருளையும் ஒன்றிரண்டு துளைகளையும் மிதமாக மாற்றும் ஷிஃப்ட் கிட் போதும், தானாக மாறும் வசதியும் மிஞ்சும்.

புதிய மின்னணுப் பெட்டிகளில் நிலைமை வேறு. கியர் மாறும் கணத்தில் இஞ்சினின் இக்னிஷனைக் கம்ப்யூட்டர் சற்றே பின்தள்ளி முறுக்குவிசையைக் குறைக்கிறது, அழுத்தத்தை சோலினாய்டு வழியாக அவ்வப்போது மாற்றுகிறது. இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டியைக் கொண்டு கால் மைல் ஓடுகிறவர்கள் டிரில் பிட்டை எடுப்பதற்கு முன் லேப்டாப்பைத் திறக்கிறார்கள். அவர்களுடைய மாற்றங்கள் முதுகில் தெரிவதே இல்லை, வரைகோட்டில்தான் தெரிகின்றன.

வரைகோடு பழைய பெட்டிக்கும் வேண்டும். இஞ்சின் சுற்று, டிரைவ் ஷாஃப்ட் சுற்று, பெட்டியின் முதன்மை எண்ணெய் அழுத்தமான லைன் பிரஷர் மூன்றையும் பதிவு செய்யும் கருவியைச் செலவு என்று பார்க்காமல் வாங்கிவிடுங்கள். கியர் மாறும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இறங்குவதற்கு முன் இஞ்சின் கோடு மேலே ஒரு கொம்பு போல எழுந்தால் பேண்ட் முந்திவிட்டது, சர்வோ விடுவிப்புத் துளையைக் குறைக்க வேண்டும் அல்லது கிளட்ச் துளையைக் கூட்ட வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் கோட்டில் பள்ளம் விழுந்து இஞ்சின் கோடும் கூடவே குனிந்தால் கிளட்ச் முந்திவிட்டது. டிரைவ் ஷாஃப்ட் கோடு சட்டென்று மேலே துள்ளினால் டயர் பிடியை இழந்திருக்கிறது, மாற்றத்தைக் கொஞ்சம் மென்மையாக்க வேண்டும். பிரஷர் கோடு மாற்றத்தின்போது ஆழமாக விழுந்து மெதுவாக எழுந்தால் துளையைத் தொடாதீர்கள், பம்பையும் சீல் வளையங்களையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு துளை மட்டும் மாற்றுவேன். மாற்றிய ஒவ்வொரு செபரேட்டர் தகட்டின் ஓரத்திலும் துளை அளவுகளைக் கூரான ஊசியால் கீறி வைப்பேன், ஏனென்றால் பேனா மை எண்ணெயில் நிற்பதில்லை.